ஸ்ட்ரோக்ஸ்டவுன் டு டப்ளின்: பஞ்சப் பாதையில் நடந்தவர்கள் யாராவது உண்டா?

அயர்லாந்தின் நேஷனல் ஃபேமின் வே என்ற இந்தப் பஞ்ச நினைவுப் பாதை மொத்தம் 165 கிலோமீட்டர். நான் வார இறுதிகளில் துண்டு துண்டாக நடந்து முடித்தேன். முல்லிங்காரிலிருந்து டப்ளின் வரை ராயல் கால்வாயும் ரயில் பாதையும் ஒட்டியே வருகின்றன. அதனால் நடை முடிந்த ஊரிலேயே ரயிலேறி வீடு திரும்பிவிடலாம்.

1847 மே மாதம் டெனிஸ் மஹோன் என்ற ஸ்ட்ரோக்ஸ்டவுன் நிலக்கிழாரின் குத்தகைக் குடிகள் 1,490 பேர் இந்த வழியாக நடத்திச் செல்லப்பட்டார்கள். உருளைக்கிழங்கு அழுகிப்போய் குத்தகைப் பணம் வராத காலம். ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றிவிடுவது மலிவு என்று எஸ்டேட் ஏஜென்ட் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நடுவழியில் யாரும் திரும்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள கூடவே ஒரு ஆள் வேறு! டப்ளினிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய், அங்கே இவர்கள் ஏறிய கப்பல்களில் ஒன்று விர்ஜீனியஸ். அதில் போன 476 பேரில் 158 பேர் நடுக்கடலிலேயே இறந்துபோனார்கள்.

பாதை நெடுக முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இவர்கள் நினைவாகக் குழந்தைகளின் வெண்கல ஷூக்கள் இருக்கின்றன. அபேஷ்ரூல் பக்கம் ஒரு பாட்டியும் பேத்தியும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தன் காலை ஷூவுக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தது. அப்புறம் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. “இதை ஏன் கட்டி வைத்திருக்கிறார்கள்?” ஒரு பழைய குடிசையின் கூரைக்குள் ஒரு ஜோடி இப்படிக் கட்டியபடியே கிடைத்தது, அதைப் பார்த்துத்தான் இவற்றைச் செய்தார்கள் என்றார் பாட்டி. பிள்ளை விடவில்லை: “அப்போ அந்தப் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு போச்சு?” பாட்டி என்னைப் பார்த்தார். என்னிடமும் பதில் இல்லை.

—

அண்ணா, நான் சைக்கிளில் போனேன். க்ளூண்டாரா வரை ரோடு, அதற்கப்புறம் கால்வாய்க் கரைதான், மேடே கிடையாது. என்ஃபீல்டு பக்கம் மதகில் படகுக்குக் கதவு திறந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்றதும், “அந்த மஹோனை அதே வருஷம் நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள், தெரியுமா?” என்றார். ஏதோ போன வாரம் நடந்த மாதிரி சொன்னார். குரலில் துளி வருத்தம் இல்லை.

போகிறவர்கள் பாதைக்கான பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் முத்திரை போடலாம். டப்ளினில், அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய எபிக் மியூசியம் மூடுவதற்குள் போய்ச் சேருங்கள். நான் போனபோது கதவு சாத்திவிட்டார்கள், மறுநாள் திரும்பப் போகவேண்டியதாயிற்று.