விஎம்மில் சத்தம் வரவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லினக்ஸுக்குள் விண்டோஸ், விண்டோஸுக்குள் லினக்ஸ் என்று விஎம் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். படம் வரும், நெட் வரும், மவுஸ் நகரும், சத்தம் மட்டும் வராது. இது எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

என் அக்கா மகனுக்குக் கண் பார்வை கிடையாது. என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் வேலை செய்கிறான். அதோடு வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் மெனு, கோப்பு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுக்கும். வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப்பில் உபுண்டு. அவன் படிப்புக்கு வேண்டிய ஒரு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், நண்பர் ஒருவர் ஏற்றுமதி செய்து கொடுத்த விண்டோஸ் 10 விஎம்மை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருளில் இறக்கினேன். திறந்தால் நிசப்தம். நமக்கு என்றால் பாட்டு கேட்காமல் கூட வேலையை முடித்துவிடலாம், அவனுக்குச் சத்தம் இல்லை என்றால் திரையே இல்லை. அதனால் இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இணையத்தில் தேடினால் டிரைவரை மாற்று, விர்ச்சுவல்பாக்ஸை மறுபடி நிறுவு, லினக்ஸின் ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவை நிறுத்தித் தொடங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விஎம்முக்குள் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, வெளியே ஹோஸ்டில், அதாவது விஎம்மை ஓட்டும் நிஜக் கணினியில், ஒலிக்கலவைப் பலகையைத் திறந்து பாருங்கள். உபுண்டுவில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற சிறிய மென்பொருளை நிறுவினால் போதும், ஹோஸ்ட் விண்டோஸாக இருந்தால் வால்யூம் மிக்ஸர். அந்தப் பட்டியலில் விஎம்மின் பெயர் இருந்து, அதன் கீழே பட்டை துள்ளுகிறது என்றால் கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம், தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, சிக்கல் ஹோஸ்டில். பெயரே இல்லை என்றால் சத்தம் விஎம்மைத் தாண்டி வெளியே வரவே இல்லை. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

என் பட்டியலில் பெயர் இல்லை. கெஸ்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர் என்று மஞ்சள் குறியோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. விஎம் அமைப்பில் ஆடியோ கண்ட்ரோலர் ஐசிஎச் ஏசி97 என்று இருந்தது. அது எக்ஸ்பி காலத்துச் சில்லு, 64 பிட் விண்டோஸ் 10இல் அதற்கான டிரைவர் கூடவே வருவதில்லை. விஎம்மை ஏற்றுமதி செய்யும்போது ஒலி அட்டையின் வகையும் சேர்ந்தே வந்துவிடும். இறக்கும்போது காட்டுகிற பட்டியலில் அதற்கென்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலோர் பார்க்காமலே தாண்டிவிடுவோம். விஎம்மை முழுதாக நிறுத்திவிட்டு இன்டெல் ஹெச்டி ஆடியோ என்று மாற்றினேன். சேமித்த நிலையில் வைத்திருந்தால் அந்த இடம் சாம்பல் நிறமாகவே இருக்கும், மாற்ற விடாது. மறுபடி தொடங்கியதும் விண்டோஸ் தானாகவே அட்டையை அடையாளம் கண்டுகொண்டது, மஞ்சள் குறி போய்விட்டது.

ஆனாலும் சத்தம் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்துவிட்டு வேறு எதையோ தேடப் போகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கெஸ்டில் சவுண்ட் அமைப்பின் பிளேபேக் பகுதியைப் பார்த்தேன், பச்சைப் பட்டை துள்ளியது. அதாவது விண்டோஸ் அட்டைக்குச் சத்தத்தைக் கொடுக்கிறது. ஹோஸ்ட் பட்டியலில் இன்னும் பெயர் இல்லை. அப்படியானால் இடையில் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ்தான். அதே ஆடியோ பக்கத்தில் ஒலி வெளியீட்டை இயக்கு என்ற பெட்டியில் டிக் இல்லை! அதைப் போட்டதும் ஹோஸ்டில் பெயர் வந்தது, பட்டையும் துள்ளியது. அப்போதும் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, ஏனென்றால் உபுண்டு ஒலியை எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. வெளியீட்டை அனலாக் என்று மாற்றிய அடுத்த நொடி என்விடிஏ பேசியது, பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

மூன்று இடத்தில் அடைப்பு, மூன்றும் ஒரே நேரத்தில். ஒன்றைச் சரி செய்து காதை மட்டும் நம்பியிருந்தால், சரியான மாற்றத்தையே தவறு என்று நினைத்துக் கலைத்திருப்பேன். உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை, இரண்டையும் பார்த்துக்கொண்டே போங்கள்.

மறுமொழி

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. நான் கேவிஎம் (லினக்ஸிலேயே இருக்கும் விஎம் வசதி), அதை நிர்வகிக்கும் வர்ட்-மேனேஜர் பக்கம். இங்கே அட்டை ஐசிஎச்9 என்று இருந்தால் விண்டோஸ் 10, 11 இரண்டும் சிக்கலில்லாமல் ஏற்றுக்கொள்ளும், பிரச்சினை வருவது வெளியே வரும் வழியில்தான். டிஸ்ப்ளே, அதாவது விஎம்மின் திரையைக் காட்டும் முறை, ஸ்பைஸ் என்று இருக்கும்வரை சத்தம் படத்தோடு சேர்ந்து பார்வை ஜன்னல் வழியாகவே வந்துவிடும். அதை இன்னொரு முறையான விஎன்சி என்று மாற்றினால் சத்தம் நின்றுவிடும். ரெட் ஹேட்டின் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 9இல் ஸ்பைஸையே எடுத்துவிட்டார்கள், அதனால் அங்கே புதிதாக விஎம் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

அப்புறம் விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் ஆடியோ வகையைப் பல்ஸ்ஆடியோ என்று மாற்றினாலும் சத்தம் வராமல் போகலாம். காரணம், சிஸ்டம் இணைப்பில் ஓடும் க்யூஎமு (கேவிஎம்மில் விஎம்மை ஓட்டும் நிரல்) உங்கள் பெயரில் ஓடுவதில்லை, அதற்கென்று தனிப் பயனர் கணக்கு இருக்கிறது. உங்கள் லாகினில் ஓடும் ஒலிச் சேவை அந்த வேறு பயனரை உள்ளே விடாது. அது பாதுகாப்புக்காக வைத்தது, குறை சொல்ல முடியாது. ஒன்று, விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் சேவையின் அமைப்புக் கோப்பில் பயனர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யூசர் செஷனில் விஎம்மை ஓட்ட வேண்டும். க்யூஎமு 8.1இலிருந்து பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவைக்கு நேரடி வழியும் வந்துவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டை விஎம்முக்கே கொடுத்துவிட்டு ஸ்பைஸைக் கழற்றியவர்களுக்கு என் யோசனை: மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி அதையும் விஎம்முக்கே கொடுத்துவிடுங்கள். நான் எச்டிஎம்ஐ ஒலியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன், கரகரவென்று வந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் அந்த ஒலிச் சாதனத்துக்கு எம்எஸ்ஐ இன்டரப்டை (சாதனம் செயலியை அழைக்கும் ஒரு முறை) இயக்கிய பிறகுதான் தெளிந்தது. யூஎஸ்பி என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

மறுமொழி

மைக்ரோசாஃப்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வி பயன்படுத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்: அதில் மெய்நிகர் ஒலி அட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. கெஸ்டுக்குள் டிரைவரைத் தேடி ஒரு பிரயோஜனமும் இல்லை. சத்தம் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மட்டும்தான் வரும், அதைத்தான் என்ஹான்ஸ்டு செஷன் என்கிறார்கள். விண்டோஸ் கெஸ்டுக்கு அந்த முறையில் நுழைந்தாலே போதும், இணைப்பு அமைப்பில் ஒலியை இந்தக் கணினியில் இயக்கு என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு கெஸ்டுக்கு எக்ஸ்ஆர்டிபியும் (லினக்ஸுக்கான ரிமோட் டெஸ்க்டாப் சேவை) அதற்கான ஒலித் தொகுதியும் நிறுவ வேண்டும், அந்தத் தொகுதி இல்லாமல் படம் மட்டும்தான் வரும்.

விண்டோஸ் சர்வரைக் கெஸ்டாகப் போட்டவர்கள் சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். என் சர்வரில் அது நின்றுபோய் இருந்தது. தானாகத் தொடங்கும்படி மாற்றினேன், முடிந்தது.

மறுமொழி

எனக்கு உபுண்டு கெஸ்டில் டம்மி அவுட்புட் என்றே, அதாவது ஒலி அட்டையே கிடைக்கவில்லை என்றே, காட்டிக்கொண்டிருந்தது. அட்டை சரி, விஎம் அமைப்பு சரி, மியூட்டும் இல்லை. கிளவுட் இமேஜில் (கிளவுட் சர்வர்களுக்கென்று தயாராக வரும் உபுண்டு) தொடங்கி அதன்மேல் டெஸ்க்டாப்பை நிறுவியிருந்தேன். அந்த இமேஜில் வருவது விஎம்களுக்கென்று இளைத்த கர்னல், ஒலி டிரைவர்கள் எல்லாம் மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. ஓடும் கர்னலின் பதிப்பு எண்ணுக்குப் பொருந்தும் பொதியை நிறுவி ரீபூட் செய்ததும் அட்டை வந்துவிட்டது. பதிப்பு மாறினால் வராது, கவனம்.

முதல் பதிவை எழுதியவரிடம் ஒரு கேள்வி: திரைவாசிப்பான் பேசும்போது வார்த்தைகள் உடைந்து உடைந்து வருகிறதா? எனக்கு விஎம்மில் பாட்டு கேட்டால் அப்படி வருகிறது.

மறுமொழி

எங்களுக்கும் முதலில் வந்தது தம்பி. விஎம்முக்குச் செயலியின் ஒரே ஒரு கோர் கொடுத்திருந்தோம், என்விடிஏவும் பிரவுசரும் சேர்ந்து ஓடும்போது ஒலிக்கு நேரத்துக்குத் தரவு போய்ச் சேரவில்லை. கூட ஒரு கோர் கொடுத்ததும் பெரும்பகுதி சரியானது. உன் கெஸ்ட் லினக்ஸ் என்பதால் உனக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பல்ஸ்ஆடியோ என்றால் நேரக்கணிப்பு முறையை, அதாவது டிஷெட் என்பதைப் பூஜ்யமாக்கிப் பார். பைப்வயர் என்றால் குறைந்தபட்சக் குவாண்டத்தை (ஒரு தடவைக்கு அனுப்பும் ஒலித் துண்டின் அளவு) 1024 ஆக்கு. சத்தம் ஒரு கணம் தாமதமாகும், உடையாது. பாட்டுக்கு அது தெரியாது, திரைவாசிப்பானில் மட்டும் விசையை அழுத்தியதும் பதில் வர வேண்டும் என்பதால் அங்கே இதைவிடக் கூட்டாதே.

அப்புறம் எல்லாருக்கும் ஒன்று. சத்தம் வந்த உடனே விஎம்மை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் என்பது வட்டை மட்டும் காப்பதில்லை, விஎம்மின் அமைப்பையும் சேர்த்தே காக்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அன்றைக்கு இருந்த ஏசி97 அட்டையும் டிக் இல்லாத பெட்டியும் அப்படியே திரும்பி வந்துவிடும். பையன் தனியாக இருக்கும்போது அப்படி நடந்தால் அவனால் எதையும் பார்த்துச் சரி செய்ய முடியாது என்பதால், பழைய ஸ்னாப்ஷாட்டுகளை எல்லாம் நான் அழித்துவிட்டேன்.