மறு: பினீசியப் பானையோட்டின் ‘ஃபேப்ரிக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘களிமண் வகை’ என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும், ஆனால் தப்பாகப் புரியும். களிமண் குழியில் வெட்டுவது. ஃபேப்ரிக் என்பது சுட்ட ஓட்டை முறித்தால் தெரிவது: மண், பரல் (மண்ணுக்குள் கிடக்கும் துகள்), புழை (நுண்துளை), நிறம், முறிவின் சொரசொரப்பு எல்லாம் சேர்ந்தது. ஒரே குழி மண்ணில் ஒருவர் மணல் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் வனைந்தால் களிமண் ஒன்று, ஃபேப்ரிக் இரண்டு.

பினீசியக் கலங்களுக்கு இது உயிர்நாடி. பினீசியர் பழங்கால லெபனான் கரைக் கடல்வணிகர்கள். அவர்களின் ஊர்களான தீருவிலும் சரெப்தாவிலும் செய்த சிவப்புப் பூச்சுத் தட்டுகளின் வடிவத்தையே ஸ்பெயினின் மாலகா கரையில் குடியேறியவர்களும் வனைந்தார்கள். விளிம்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். குறட்டால் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிவிட்டுப் புது முறிவைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கவேண்டும். மாலகா ஓட்டில் ஷிஸ்ட் பாறைச் சில்லும் மினுங்கும் மைக்காவும் இருக்கும். லெபனான் கரை ஓட்டில் சுண்ணாம்பு மண்ணும் குவார்ட்ஸ் மணலும் ஃபொராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிர்களின் நுண்கூடுகளும் இருக்கும்.

என் முன்மொழிவு: மண்வாகு. உடல்வாகு என்கிறோமே, அதே வாகு.

> மண்வாகு

நீங்கள் முன்மொழிந்த சொல் அழகு. ஆனால் உழவர்கள் நிலத்தின் மண்ணைச் சொல்வதாகவே படும். ‘சுடுமண்வாகு’ என்றால் சூளையும் உள்ளே வந்துவிடும். சூளையை விடவே கூடாது. பத்து விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு மண் நுரைக்கும். 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டிருந்தால் சுண்ணாம்பு சிதைந்துபோய் அதே மண் நுரைக்காமலும் போகலாம். பழைய மேற்பரப்பில் விட்டாலோ, புதைந்திருந்தபோது படிந்த சுண்ணாம்பே நுரைத்து நம்மை ஏய்த்துவிடும்.

‘பரல்’ எனக்கு முழுச் சம்மதம். சிலம்புக்குள் கிடப்பதும் அதுதானே. ஆனால் மண்ணோடு பிறந்ததற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம். குயவர் கையால் கலந்தது ‘சேர்மானம்’. நுண்பொடியும் பெருமணலும் இருந்து இடைப்பட்ட அளவு இல்லாவிட்டால் சேர்மானம் என்று ஐயப்படலாம். உறுதிசெய்ய 0.03 மி.மீ. தடிப்புக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும்.

ஓட்டின் விவர அட்டையில் எழுதினால் இப்படி இருக்கும், சரியா என்று பாருங்கள்:

சுடுமண்வாகு 2. நிறம்: இளஞ்சிவப்பு, நடுவில் சாம்பல். பரல்: நுண்கூடுகள், சுண்ணாம்புத் துணுக்கு. சேர்மானம்: உருண்ட குவார்ட்ஸ் மணல், 0.5 மி.மீ.க்குள். புழை: நீண்டவை, சுவருக்கு இணையாக. அமிலம்: புது முறிவில் நன்கு நுரைக்கிறது.