காரச் சிப்ஸ் வகைகளுக்கு மார்க் போடுவது எப்படி?

கேள்வி: கருமிளகு உருளை சிப்ஸ், ஹலபேன்யோ மிளகாய் போட்ட டார்ட்டியா (மக்காச்சோள சிப்ஸ்), பூத் ஜொலோகியா மிளகாய் சிப்ஸ்னு ஆறு பாக்கெட் இருக்கு. மூணாவதுக்கு மேல எல்லாமே ஒரே காரமாத் தெரியுது. எந்த வரிசையில சாப்பிடணும்?

பதில் 1: காரம் குறைஞ்சதுல தொடங்குங்க. ஹலபேன்யோ மிளகாய் 2,500–8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கிற அலகு), பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தொடும். சிப்ஸ்ல தூவுறது துளிதான், ஆனாலும் அதை முதல்ல தின்னா நாக்கு மரத்துடும். ஒவ்வொண்ணுலயும் 2 சிப்ஸ், நடுவுல 5 நிமிஷம். தண்ணி வேண்டாம், மிளகாய்க்குக் காரம் தர்ற கேப்சைசின் அதுல சரியா கரையாது. ஒரு வாய் பால் போதும்.

பதில் 2: கருமிளகுக்குத் தனி மார்க். அதுல இருக்கிறது பைப்பரின், வேற மாதிரி காரம். பாதி மார்க் வாசனைக்கே போகணும், பிரிச்ச உடனே மோந்து பாருங்க. சிப்ஸ் மேல கரும்புள்ளி தெரிஞ்சா நல்லது. மாவா அரைச்சதுன்னா வாசம் பறந்துபோய் தொண்டைக் கமறல்தான் மிஞ்சும். அப்புறம், மசாலா பாக்கெட் அடியில தங்கிடும். அகலமான பாத்திரத்துல கொட்டிக் குலுக்கிட்டு எடுங்க.

பதில் 3: டார்ட்டியாவை உருளையோட சேர்த்து மார்க் போடாதீங்க. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு அரைக்கிறதால அதுக்குன்னு ஒரு மண்வாசம் உண்டு. சல்சா (தக்காளிச் சட்னி மாதிரி தொட்டுக்கிறது)? மார்க் போட்டு முடிச்சப்புறம் தொட்டுக்குங்க.