பள்ளியை மூடப் போவதாகப் பேச்சு: பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

புது டீச்சர், பெஸ்தாரி ஜெயா (சிலாங்கூர், மலேசியா):
வணக்கம். இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டு மக்கள் தொடர்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 90 பிள்ளைகள். முகநூலில் தினமும் படம் போடுகிறேன், லைக்கும் வருகிறது. ஆனால் ஒன்றாம் ஆண்டுப் பதிவுக்காகப் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பேசப் போனால், “அந்தப் பள்ளிய மூடப் போறாங்களாமே?” என்று கேட்கிறார்கள். நீண்ட நாள் இந்த வேலை பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
டீச்சர், 1988இல் இந்த வேலை என்னிடம் வந்தபோது நம் ஊருக்குப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பள்ளி ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. சுற்றறிக்கையை ஸ்டென்சிலில் அடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவேன். கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள். ஒரு நாள், வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் சொன்னார்: “சார், காலையில அஞ்சரைக்கு எல்லாரும் பிரட்டுலதான் நிப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க.” பிரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம். மறுநாளே போனேன். இருட்டு இன்னும் விலகவில்லை. பால் வாளியோடும் கத்தியோடும் நின்றவர்களிடம் இரண்டே நிமிடம் பேசினேன். அந்த வாரக் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வாக இருந்த யுபிஎஸ்ஆரில் 7ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் பேப்பருக்கு அனுப்பினேன், ஒரு சிறுமியின் பெயரை எழுத விட்டுவிட்டேன். அவள் அப்பா சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஐந்து பேப்பர் வாங்கி வைத்திருந்தார். அன்று மாலை அவர்கள் குடியிருந்த லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போனேன். ஐந்தும் மடிப்புக் கலையாமல் மேசைமேல் இருந்தன. “படத்துல இருக்கா சார், பேருதான் இல்ல” என்றார். கோபமே இல்லாத அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு, எந்தப் படம் அனுப்பினாலும் பெயர்களைப் பிள்ளைகளிடமே வாசித்துக் காட்டுவேன். முகநூலுக்கும் அப்படியே செய்யுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 150 பிள்ளைகளுக்குக் கீழே இருந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’. அது ஒரு வகைப்பாடு மட்டுமே, மூடுவதற்கான அறிவிப்பு இல்லை. தலைமையாசிரியரிடம் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, 90 என்ற எண்ணை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நாம் மறைத்தால் அடுத்தவர் ஏற்றிச் சொல்வார்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
வாத்தியார் ஐயா சொல்வது உண்மை. 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளியிலிருந்து மலாயில் நீளமான அறிவிப்புகளாக வந்தன. எனக்குப் பாதி புரியவில்லை. மகனின் வகுப்பு டீச்சர் அதையே தமிழில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். சமைத்துக்கொண்டே கேட்பேன். இளையவளை அதே பள்ளியில் சேர்த்ததற்கு அந்தக் குரல்தான் காரணம்.

அப்புறம் டீச்சர், தாமானுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அங்கே இருக்கிற ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புது டீச்சர்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. அந்தத் தாமானில் எங்கள் நாலாம் ஆண்டுப் பையன் ஒருவனின் அம்மா இருக்கிறார். இப்போதுதான் போனில் பேசினேன். ஆலையில் ஷிப்டு முடிந்து சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவாராம். வாசலில் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.