எண்டோதெலின்-1 கொடுத்தும் வலிப்பு வரவில்லை, உதவி தேவை

பாலக்காடு பக்கம் ஒரு ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி நான், வீடு கொழிஞ்சாம்பாறை. ரத்தக்குழாயைச் சுருக்கும் 21 அமினோ அமில பெப்டைடான எண்டோதெலின்-1, மூளையில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து எப்படி வலிப்பைத் தூண்டுகிறது என்பது என் தலைப்பு. இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

விஸ்டார் எலிக்குட்டிகள், வயது 12 நாள். மூளையின் ஒரு பகுதியான ஹிப்போகேம்பஸில், இடப்பக்கம், 40 பிகோமோல் எண்டோதெலின்-1, ஒரு மைக்ரோலிட்டரில் ஊசியாக. பிப்ரவரியில் ஆறு குட்டிகளில் ஐந்துக்கு ஈஈஜியில் (மூளை மின்னலைப் பதிவு) வலிப்பு அலைகள் தெளிவாக வந்தன. ஏப்ரலில் மருந்தின் புதுப் புட்டி வந்தபின் எட்டில் ஒன்றுக்குத்தான். மற்றவற்றில் அங்கங்கே கூர்முனைகள், அவ்வளவுதான்.

மூளையை வெட்டிப் பார்த்தாச்சு, ஊசி இறங்கிய இடம் சரி. ஐசோஃப்ளூரேன் மயக்கம் முழுதும் தெளிந்த பிறகே பதிவு செய்கிறேன். குட்டிகள் குளிர்ந்துவிடாமல் சூட்டுமெத்தை உண்டு. பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அல்புமின் சேர்த்தும் பார்த்தேன். மாற்றமில்லை.

என் சந்தேகம் மருந்தின் மேல்தான். கூரியர் வாளையார் தாண்டி வர நான்கு நாள் ஆனது, அதுவும் ஏப்ரல் வெயிலில். பிரித்தபோது ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருந்தது. உலர்தூள் என்றால் தாங்கியிருக்கும், இது கரைசலாக வந்தது.

இதை உறுதி செய்யாமல் இன்னொரு குட்டியின் மேல் ஊசி வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு சோதனைக்கு எடுத்த எலியின் பெருந்தமனித் துண்டு கிடைத்தால் போதும். அது இந்த மருந்துக்குச் சுருங்குகிறதா என்று ஆர்கன் பாத்தில் (திசுத் துண்டைக் கரைசலில் உயிரோடு வைத்து அதன் சுருக்கத்தை அளக்கும் கருவி) பார்த்துவிடலாம்.

பாலக்காடு, கோவை வட்டாரத்தில் ஆர்கன் பாத்தை ஒரு நாள் பயன்படுத்தத் தரக்கூடிய ஆய்வகம் யாருக்காவது தெரியுமா?