பெங்களூரில் வீட்டுக்கு நெட்: உங்கள் தெருவில் எது உருப்படியாக ஓடுகிறது?

லிங்கராஜபுரம்:

வணக்கம். பெங்களூரில் வாடகை வீடு பார்க்கும் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது தண்ணீர், அடுத்தது நெட். தண்ணீருக்கு ஓனரைக் கேட்டால் ஏதாவது பதில் கிடைக்கும். நெட்டுக்கு யாரைக் கேட்பது? கம்பெனிக்கு போன் போட்டால் உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் உண்டு என்பார்கள். பின்கோடு ஒரு பெரிய வட்டாரம். லைன் வருவதோ தெருவுக்கும் கட்டடத்துக்கும். ஒரே கம்பெனியின் ஒரே பிளான் எங்கள் மெயின் ரோட்டில் அசையாமல் ஓடுகிறது, பின்னாலிருக்கும் கிராஸில் அடிக்கடி படுத்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறவர்கள் எந்த ஏரியா, லைன் எப்படி வீட்டுக்குள் வருகிறது, வரியோடு மாதம் எவ்வளவு, அறுந்தால் யார் வந்து சரிசெய்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

முதலில் நானே சொல்கிறேன். முந்தைய வீட்டில் ஏரியா கேபிள்காரர் கொடுத்த லைன். மொட்டை மாடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு லைனைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்விட்ச், அங்கிருந்து வீட்டுக்கு வீடு லேன் வயர். கரண்ட் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பெஸ்காம் கரண்டை நிறுத்தியதும் நெட்டும் போய்விடும். என் வீட்டில் யுபிஎஸ் இருந்து என்ன, மாடியிலிருந்த பெட்டிக்கு பேட்டரி இல்லையே. கேபிள்காரர் தங்கமான மனிதர், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோடு வருவார். ஆனால் ஏரியா முழுக்கப் பெட்டிக்குப் பெட்டி பேட்டரி வைப்பது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

இப்போதைய வீட்டில் ஃபைபர், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழை, நேராக ஹாலில் இருக்கும் சின்னப் பெட்டிவரை வருகிறது. நடுவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் கரண்ட் இருந்து, நம் வீட்டுப் பெட்டிக்கும் கரண்ட் கிடைத்தால் போதும், தெருவே இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். மனைவிக்கு வீட்டிலிருந்துதான் வேலை. அதனால் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதை எடுத்தோம். மலிவான லைன் தேடுகிறவர்கள் விலைக்கு முன்னால், ஃபைபர் வீட்டுக்குள் வருமா, மாடியோடு நின்றுவிடுமா என்று கேளுங்கள். விற்க வருகிற பையன்கள் இரண்டையுமே ஃபைபர் என்றுதான் சொல்வார்கள்.

எஜிபுரா:

அண்ணா நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எங்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். அதனால் விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போஸ்டரில் போடும் தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். ஜியோஃபைபரில் 30 எம்பிபிஎஸ் வேகம் தரும் பிளான் 399 ரூபாய், ஏர்டெல்லில் 40 எம்பிபிஎஸ் பிளான் 499 ரூபாய், இரண்டும் 2020-இல் வந்தவை. வரி சேர்த்தால் 399 என்பது 471 ஆகிறது, 499 என்பது 589 ஆகிறது. வருஷத்துக்குப் பார்த்தால் சுமார் 5,650 ரூபாயும் 7,066 ரூபாயும். வித்தியாசம் 1,400-க்கு மேல். எங்கள் வீட்டில் அது இரண்டு பிள்ளைகளின் நோட்டுச் செலவு.

30 எம்பிபிஎஸ் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தாராளமாகப் போதும். ஹெச்டி வீடியோ ஒன்று ஓட 5 எம்பிபிஎஸ் இருந்தால் சரி. பையன் ஆன்லைன் கிளாஸில் இருக்கும்போதே மகள் பாட்டுக் கேட்பாள், நான் பிளவுஸ் டிசைன் வீடியோ பார்ப்பேன், ஒன்றும் நிற்பதில்லை. இன்னொன்று, 30 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 30 எம்பி இறங்கும் என்று நினைக்க வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எம்பி என்பது மெகாபைட். அதனால் எட்டால் வகுக்க வேண்டும், நாலு எம்பிகூட வராது. எங்கள் தெருவில் ஒருவர் இது தெரியாமல் கம்பெனிக்காரனோடு பெரிய சண்டை போட்டார்.

அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் இந்தப் பிளான்களுக்கு மாதம் 3,300 ஜிபி என்று ஓர் அளவு இருக்கிறது. சாதாரண குடும்பம் அதைத் தொடுவதே கஷ்டம். ஓடிடி சேர்த்துக் கொடுக்கும் பிளானை என் தங்கை எடுத்தாள். அவள் வீட்டில் யாரும் அந்த ஆப்களைத் திறப்பதில்லை, மாதாமாதம் பணம் மட்டும் போகிறது. வேண்டாததை வாங்காதீர்கள், விற்கிறவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒய்ட்ஃபீல்ட்:

எஜிபுரா அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். டவுன்லோடை மட்டும் பார்க்கக் கூடாது, அப்லோடும் வேண்டும். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் போவது அப்லோடில்தான். ஃபைபர் பிளான்களில் பெரும்பாலும் இரண்டும் சமமாகக் கிடைக்கும். ஏர்ஃபைபர் மாதிரி வயர் இல்லாத லைன்களில் அப்லோடு குறைவாக இருக்கும், வாங்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

எங்கள் அப்பார்ட்மென்ட் கதை வேறு. அசோசியேஷன் ஒரே ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, கட்டடத்துக்குள் வயர் போகும் டக்டில் வேறு யாரும் வயர் இழுக்க முடியாது. பகலில் நன்றாக ஓடும். ராத்திரி ஒன்பது மணி ஆனால் மீட்டிங்கில் என் குரல் வெட்டி வெட்டிப் போகும். அமெரிக்கா டீமோடு பேசுவதே அந்த நேரத்தில்தான். வேலைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

கம்பெனி ஆட்கள் வந்தபோதெல்லாம் உங்கள் வைஃபைதான் பிரச்சினை என்றார்கள். சரி என்று ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் வயர் போட்டு, காலையிலும் ராத்திரியிலும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து வைத்தேன். காலையில் பிளானில் சொன்ன வேகம், ராத்திரி அதில் பாதிகூட இல்லை. வயரிலேயே குறைகிறது என்றால் வைஃபை மேல் பழி போட முடியாதே. ஒரு லைனின் கொள்ளளவைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் நெரிசல். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வருகிற மாதிரிதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் அதே மாதிரி அளக்கச் சொன்னோம். அந்தக் கணக்கை எல்லாம் சேர்த்து அசோசியேஷன் கூட்டத்தில் வைத்தோம். அதிக நேரம் வாதம் நடந்தது. கடைசியில் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவரை ஏனோதானோவென்று இருந்த பழைய கம்பெனி விலையையும் குறைத்து வேகத்தையும் சரிசெய்தது. போட்டி இல்லாத கட்டடத்தில் மலிவும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது. அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

வைஃபைதான் குறை என்று சில வீடுகளில் தெரியவரலாம். அப்போது பெட்டியை டிவி ஸ்டாண்டின் அடியிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பாருங்கள். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் பலம் இழக்கும். உள் அறைக்கு 2.4 தான் எட்டும்.

மடிவாளா:

நான் பேச்சிலர், நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுத்திருக்கிறேன். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மொத்தமாகக் கட்டாதீர்கள். மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம், ஒரு மாதம் கூடுதல் என்று ஆசை காட்டுவார்கள். எங்கள் ரூமில் முன்பிருந்த நண்பன் வருஷத்துக்குக் கட்டினான், ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டுத் தெருவில் அந்தக் கம்பெனிக்கு லைனே இல்லை. மிச்சப் பணம் திரும்பி வரவே இல்லை.

நாங்கள் இப்போது வயர் இல்லாத 5ஜி இணைப்பு வைத்திருக்கிறோம். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் எட்டு நகரங்களில் வந்தது, பெங்களூரும் அதில் ஒன்று. தொடக்கப் பிளான் 599 ரூபாய், வரி தனி, 30 எம்பிபிஎஸ், மாத அளவு 1,000 ஜிபி. இந்த மாதிரி இணைப்பில் ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார் என்ற கவலை குறைவு. ஆனால் டவர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். பக்கத்தில் உயரமாக ஒரு கட்டடம் எழும்பினால் சிக்னல் மாறிவிடும். மாடி வீட்டுக்கு நல்லது. கீழ் வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஸ்ரீராமபுரம்:

தம்பிகளே, நான் ரிட்டயர் ஆனவன். இந்த ஊரில் போன் லைனுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை. எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் ஃபைபர். இப்போது பல இடங்களில் ஏரியா கேபிள் ஆபரேட்டர்களையே பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு பிஎஸ்என்எல் லைன் கொடுக்கிறது, அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏணி ஏறுகிறவர் உள்ளூர்க்காரர்தான். எங்கள் பங்குதாரர் நல்லவராக அமைந்துவிட்டார். லேண்ட்லைன் நம்பரும் கூட வருகிறது, உள்நாட்டு அழைப்புகள் இலவசம், ஊரில் இருக்கும் அக்காவோடு மணிக்கணக்கில் பேசுகிறேன்.

முன்பு வேறொரு கம்பெனியின் லைன் இருந்தது. அந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழை காற்றோடு அடிக்கும், மரக்கிளைகள் முறிந்து விழும். நம் ஊரில் பாதி ஃபைபர் அந்த மரங்களிலும் மின்கம்பங்களிலும்தான் தொங்குகிறது. அனுமதி இல்லாத கேபிள்களைப் பெஸ்காமும் மாநகராட்சியும் அவ்வப்போது வெட்டிப் போடுகிறார்கள். பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கம்பெனி தரைக்கடியில் இழுத்திருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. ஒரு மழைக்குப் பிறகு எங்கள் பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதியிருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒளி வரவில்லை, ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரூட்டரை அணைத்துப் போட்டால் இது சரியாகாது. கஸ்டமர் கேரில் மறுபடியும் மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னார்கள். ஆப்பில் புகாரை அவர்களாகவே முடித்துவிடுவார்கள், ஒருவர்கூட வரமாட்டார்.

அப்போது ஒரு நண்பர் வழி சொன்னார். முதல் புகாருக்கு டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், கட்டாயம் வாங்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுத வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கைப் படம் எடுத்து, நம்பர், தேதி எல்லாம் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். சில நாட்களிலேயே ஆள் வந்தார், நெட் இல்லாத நாட்களுக்குக் கெடுவும் நீட்டித்துக் கொடுத்தார்கள். போனில் கத்துவதைவிட எழுத்தில் ஒரு பக்கம் போதும். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம், தமிழிலும் பேசலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி:

லிங்கராஜபுரம் அண்ணா சொன்ன கரண்ட் விஷயத்துக்கு ஒரு சின்ன சேர்க்கை. வீட்டில் பெரிய யுபிஎஸ் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம், உள்ளங்கை அளவுதான் இருக்கும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட். அடாப்டரில் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். எங்கள் கடைப் பையன் ரூட்டருக்கு மட்டும் மாட்டிவிட்டுப் போய்விட்டான், வைஃபை காட்டும், நெட் வராது.

அல்சூர்:

நான் வீடு காலி செய்கிறேன். பழைய லைனை நிறுத்தும்போது ரூட்டர் டெபாசிட் திரும்பக் கிடைத்தவர்கள் இருக்கிறீர்களா?

லிங்கராஜபுரம்:

எனக்குக் கிடைத்தது அக்கா. நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலிலும் ஆப்பிலும் எழுதிவிடுங்கள், போனில் சொன்னதோடு விடாதீர்கள். லைனை மூடிய பிறகு 45 நாளுக்குள் டெபாசிட் திரும்ப வேண்டும் என்று டிராய் விதி இருக்கிறது. பெட்டியை எடுக்க வருகிறவரிடம் அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது புத்தகம் இல்லை என்றால் பெட்டியையும் அவருடைய கம்பெனி அடையாள அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, அவர் வாசலில் இருக்கும்போதே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆட்டோ பே போட்டிருந்தால் வங்கி ஆப்பில் போய் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துக்கொள்வார்கள்.