நுனாவுட்டில் வீட்டுக்குத் தண்ணி எப்படி வரும்?

கேள்வி:
கனடாவின்ர வடக்கில இருக்கிற நுனாவுட்டில ஒரு சின்ன ஊருக்குத் தாதியா வேலைக்குப் போறன். குழாய் இல்லையாம், பவுசர்லதான் (தாங்கி லொறி) தண்ணியாம். −40 பாகையில உறையாதோ? குளிக்கக் காணுமோ?

பதில் (வடக்கில 6 வருசம்):
பயப்படாதேங்கோ தங்கச்சி. தண்ணித் தொட்டி வீட்டுக்குள்ள சூட்டில இருக்கும், உறையாது. கழிவுக்கு வேற தொட்டி; அதை இன்னொரு லொறி வந்து உறிஞ்சும். முக்கியமா ஒண்டு: கழிவுத் தொட்டி நிரம்பினா அதில இருக்கிற மிதவை ஆளி (மட்டம் ஏறினா தானா வேலை செய்யிற சுவிட்ச்) தண்ணிப் பம்பை நிப்பாட்டிப்போடும். நல்ல தண்ணி இருந்தும் ஒரு சொட்டு வராது. பனிப்புயல்ல லொறி ஓடாது. கைக்குழந்தையோட மூண்டு நாள் அப்பிடி இருந்தம். அந்தத் தவிப்பு இப்பவும் மறக்கேல்லை. புயல் அறிவிப்பு வந்தா உடுப்புத் தோய்க்காதேங்கோ. ரெண்டு வாளியில தண்ணி பிடிச்சு மூடி வையுங்கோ.

கேள்வி:
நன்றி அக்கா. குழாயை ஏன் புதைக்கேலாது?

பதில் (கனடா வடக்கில இன்னொரு ஊரான இனுவிக்கில இருந்தவர்):
கீழ நிரந்தர உறைநிலம், பிள்ளை; வருசம் முழுக்க உறைஞ்சே கிடக்கிற மண். குழாய்ச் சூட்டில ஐஸ் உருகினா நிலம் இறங்கும், குழாய் முறியும். இனுவிக்கில தண்ணிக்குழாயும் கழிவுக்குழாயும் நிலத்துக்கு மேல, தூண்களில, காப்புப் பெட்டிக்குள்ள ஓடுது. எண்டாலும் நுனாவுட்டின்ர தலைநகர் இக்கலுவிட்டில ஒரு பகுதிக்குப் புதைச்சிருக்கினம். உறையாமல் இருக்க தண்ணியைச் சுத்தவிட்டுக்கொண்டே இருக்கவேணும். சின்ன ஊருக்கு அந்தச் செலவு கட்டாது.